மிடில்டன் ரயில்வே, லீட்ஸ்: ஒரு மைல் பாதையும் ஊர் தாண்டாத இன்ஜின்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை, பள்ளத்தாக்கு, ஏரிக்கரை என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வீடியோ எடுக்கிற மாதிரியான நீராவி ரயில் பயணம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருக்கிற மிடில்டன் ரயில்வேக்குப் போகாதீர்கள். மொத்தப் பாதையே சுமார் ஒரு மைல்தான். கிளம்புகிற இடம் ஹன்ஸ்லெட், ஒரு காலத்தில் இரும்பும் கரியுமாக இருந்த தொழிற்பேட்டை. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மோட்டார்வேக்கு அடியில் போகும், அப்புறம் கிடங்குகள், கம்பி வேலி, புதர், கடைசியில் ஒரு பூங்கா. அவ்வளவுதான். அழகான கிராமத்து ஸ்டேஷன், பூத்தொட்டி, பாலத்தின் மேல் ரயில் போகிற படம், எதுவும் கிடைக்காது.

ஆனால் யார்டுக்குள் வேகன்களைத் தள்ளியும் இழுத்தும் சேர்க்கிற ஷண்டிங் இன்ஜின் என்கிற ஜாதியைப் பார்க்க வேண்டும், அது எப்படி உழைத்தது, எப்படித் தப்பிப் பிழைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் பார்த்த வரைக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜின்களுக்கு ரசிகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. யார்டுக்குள்ளேயே பிறந்து யார்டுக்குள்ளேயே தேய்ந்துபோன இன்ஜின்களை யார் பார்க்கிறார்கள்? இந்த விமர்சனம் அந்தச் சின்ன இன்ஜின்களைப் பற்றியது. பாதை நீளத்தை வைத்து இந்த இடத்தை எடை போடுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது, அதையும் போட்டுவிடுகிறேன்.

ரயில்வே காலனியில் வளர்ந்தவர்களுக்கு ஷண்டிங் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை, இரவெல்லாம் பஃபரும் பஃபரும் (வண்டி முனையில் மோதலைத் தாங்குகிற தட்டுகள்) முட்டுகிற சத்தத்தில் தூங்கியவர்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: வந்த சரக்கு ரயிலைப் பிரிப்பது, வேகன்களை இந்த லைனிலிருந்து எடுத்து அந்த லைனில் விடுவது, ஆலைக்குள் கரி வேகனைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவது, காலியானதை இழுத்துவந்து மெயின் லைன் ஓரமாக வைப்பது. திரும்பவும் அதே. செக்கு மாட்டு வாழ்க்கை. நம்மூரில் பெரும்பாலும் வயதாகிப்போன மெயின் லைன் இன்ஜினை யார்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே தனியாகச் செய்தார்கள், அதுவும் ரயில்வே கம்பெனிகளுக்கு மட்டுமில்லை. சுரங்கம், இரும்பாலை, எரிவாயுத் தொழிற்சாலை, துறைமுகம், கல்குவாரி என்று தண்டவாளம் போட்டிருந்த ஒவ்வொரு முதலாளியும் சொந்தமாக ஒன்றோ இரண்டோ வைத்திருந்தார்.

இந்த இன்ஜின்களின் உடம்பைப் பார்த்தாலே வேலை புரியும். நான்கு அல்லது ஆறே சக்கரம், எல்லாம் சின்னது, எல்லாமே நீராவியால் சுழல்வது, அதனால் இன்ஜினின் மொத்த எடையும் பிடிமானத்துக்கே போகிறது. வேகம் தேவையில்லை, இழுவைதான் தேவை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு, ஆலைக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற கொடூரமான வளைவுகளில் திரும்ப வேண்டுமே. கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டர் என்கிற தனி வண்டி பின்னால் கிடையாது, தண்ணீர்த் தொட்டியை பாய்லரின் முதுகில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சாடில் டேங்க் என்பது இதுதான். கரி டிரைவர் நிற்கிற இடத்துக்குப் பின்னாலேயே. முன்னே பின்னே மாற்றுவதற்குத் திருகு கிடையாது, ஒரே இழுப்பில் மாறுகிற நெம்புகோல்தான் வழக்கம், ஏனென்றால் அதை ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான தடவை இழுக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் படத்தில் பார்த்தால் புரியாது. பக்கத்தில் நின்று அந்த நெம்புகோலின் பிடி எவ்வளவு தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது என்று பார்த்தால் புரியும்.

கீழே நிற்கிற ஆளையும் மறக்கக் கூடாது. இங்கே சரக்கு வேகன்களுக்கு மூன்று வளையச் சங்கிலிக் கப்ளிங். நீளமான கழியின் முனையில் ஒரு கொக்கி, அதை வைத்துக்கொண்டு வேகன்களுக்கு நடுவே நுழையாமல் வெளியே நின்றபடியே சங்கிலியைத் தூக்கி மாட்டுவார்கள், கழற்றுவார்கள். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே செய்கிற கைப்பழக்கம் அது. ரயில்வே வேலைகளிலேயே அதிகம் கை கால் போன வேலைகளில் ஷண்டிங்கும் ஒன்று. டிரைவருக்குக் கிடைத்த புகழில் கால்வாசி கூட அந்தக் கழி பிடித்தவனுக்குக் கிடைக்கவில்லை.

சரி, உள்ளே போவோம். ரயில் கிளம்புகிற மூர் ரோடு ஸ்டேஷனை ஒட்டியே இன்ஜின் ஹவுஸ் என்கிற அருங்காட்சியகக் கூடம். இங்கே நான் அதிக நேரம் நின்றது ஹென்றி டி லேசி இரண்டு என்கிற இன்ஜினுக்கு முன்னால். பெயர்தான் ராஜா மாதிரி, ஆள் நான்கு சக்கர சாடில் டேங்க். 1917-இல் இதே லீட்ஸில் ஹட்ஸ்வெல் கிளார்க் கம்பெனி செய்தது. வாங்கியவர்கள் இதே லீட்ஸின் இன்னொரு மூலையில் இருந்த கிர்க்ஸ்டால் ஃபோர்ஜ், வண்டி அச்சுகளுக்குப் பேர்போன ஆலை. பெயருக்குக் காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது: 12-ஆம் நூற்றாண்டில் கிர்க்ஸ்டால் மடாலயம் எழும்பக் காரணமான பிரபு ஹென்றி டி லேசி. அந்த மடத்துத் துறவிகள் காலத்திலிருந்தே அங்கே இரும்பு வேலை நடக்கிறது என்று ஆலைக்காரர்களுக்குப் பெருமை. அந்தப் பெருமையை ஒரு யார்டு இன்ஜினின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

இதன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 1917-இல் ஆலைக்குள் போனது. இரும்பை உள்ளே கொண்டுவந்தது, செய்த சாமானை வெளியே கொண்டுவந்து விட்டது. ஐம்பது வருடம். முதல் உலகப் போர் நடுவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் உலகப் போரையும் அதே வளாகத்துக்குள் இருந்தே பார்த்திருக்கிறது. 1968-இல் ஆலை இதை மிடில்டனுக்குக் கொடுத்துவிட்டது. செய்த இடம் லீட்ஸ், உழைத்த இடம் லீட்ஸ், இப்போது இருப்பதும் லீட்ஸ். ஒரு ரயில் இன்ஜின் நூறு வருடத்துக்கு மேல் ஒரே ஊர் எல்லைக்குள் இருந்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கிர்க்ஸ்டால் ஃபோர்ஜ் ஆலையும் இப்போது இல்லை, அந்தப் பெயரில் 2016-இல் ஒரு பயணிகள் ஸ்டேஷன் திறந்திருக்கிறார்கள், சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள். ஆலையின் தண்டவாள வாழ்க்கைக்கு மிச்சமிருக்கிற பெரிய சாட்சி இந்த இன்ஜின்தான்.

லீட்ஸில்தான் ஏன் இவ்வளவு இன்ஜின் வேலை என்று கேட்பீர்கள். ஹன்ஸ்லெட்டில் ஜாக் லேன் என்று ஒரு தெரு. அந்தத் தெருவையும் அக்கம்பக்கத்தையும் சுற்றியே கிட்சன், மேனிங் வார்டில், ஹட்ஸ்வெல் கிளார்க், ஹன்ஸ்லெட் இன்ஜின் கம்பெனி, ஜான் ஃபௌலர் என்று வரிசையாக இன்ஜின் கம்பெனிகள். ஒருவரிடமிருந்து பிரிந்து இன்னொருவர், ஒருவர் மூடினால் அவருடைய வரைபடத்தை இன்னொருவர் வாங்குவது என்று எல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிச் சண்டை மாதிரி. மேனிங் வார்டில் 1927-இல் போனது, கிட்சன் 1930களின் கடைசியில், ஹட்ஸ்வெல் கிளார்க்கை 1972-இல் ஹன்ஸ்லெட் வாங்கியது, ஜாக் லேனில் ஹன்ஸ்லெட் கம்பெனியின் கதவு 1995-இல் மூடியது. அதற்குள் உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள். 1971-இல்கூட ஜாவாவில் ஒரு சர்க்கரை ஆலைக்கு நீராவி இன்ஜின் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு நூல் இருக்கிறது. எழும்பூரிலிருந்து பாரம்பரிய ஓட்டம் விட்டார்களே, ஈ.ஐ.ஆர். 21 என்கிற அந்தப் பழைய எக்ஸ்பிரஸ் இன்ஜின், அதுவும் ஹன்ஸ்லெட்காரன்தான். 1855-இல் கிட்சன் கம்பெனி செய்தது, ஃபேரி க்வீன் என்கிற இன்னொரு பழைய இன்ஜினுக்குக் கூடப்பிறந்தது. பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றதைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் எடுத்துச் சரிசெய்து 2010-இல் ஓட்டினார்கள். பெரம்பூர்க்காரர்கள் கைபட்ட அந்த இன்ஜின் பிறந்த பேட்டை இது என்று நினைத்துக்கொண்டு ஜாக் லேனில் நடந்தால் அந்தச் சாதாரணத் தெருவும் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

கூடத்தில் இருக்கிற மற்றவற்றில் என் மனதில் நின்றவற்றை மட்டும் சொல்கிறேன். 1310 என்று எண் போட்ட ஒன்று, 1891-இல் கேட்ஸ்ஹெட் பணிமனையில் வடகிழக்கு ரயில்வேக்காகச் செய்தது. ரயில்வேயில் வேலை முடிந்து சுரங்கத்துக்கு விற்றார்கள், அங்கேயும் பல பத்தாண்டுகள் உழைத்தது. ரயில்வே கொடுத்த எண்ணையே கடைசி வரை பெயராக வைத்துக்கொண்டது, சுரங்கத்தில் யாரும் புதுப் பெயர் வைக்கிற சிரமம் எடுக்கவில்லை போலிருக்கிறது. 1965-இல் இங்கே வந்தது. அப்புறம் சென்டினல் 54, 1933-இல் செய்தது. இதைப் பார்த்தால் இன்ஜின் என்றே தோன்றாது, பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே நிமிர்ந்து நிற்கிற பாய்லர், சக்கரத்துக்குச் சங்கிலி வழியாகச் சுழற்சி. ஒரே ஆள் ஓட்டலாம் என்று விற்ற இன்ஜின் இது. லோவெஸ்டாஃப்ட்டில் தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டை தயாரிக்கிற டிப்போவில் வேலை பார்த்துவிட்டு 1961-இல் வந்தது. அந்த வகையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

சர் பெர்க்லி என்றொரு மேனிங் வார்டில், 1890-இல் செய்தது, இது கொஞ்சம் வேறு ஜாதி: புதுத் தண்டவாளம் போடுகிற கான்ட்ராக்டருக்காகச் செய்த இன்ஜின். ஒரு லைன் போட்டு முடித்ததும் அடுத்த லைனுக்குப் போகும், மண் அள்ளும், கல் அள்ளும், அது போட்ட பாதையில் எக்ஸ்பிரஸ் ஓடும்போது இது அங்கே இருக்காது. ஸ்லௌ எஸ்டேட்ஸ் எண் 3 என்பது 1924-இன் ஹட்ஸ்வெல் கிளார்க். லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ தொழிற்பேட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, 1973-இல் அந்த உள் ரயில்பாதையே மூடப்பட்டது. டென்மார்க்கிலிருந்து ஒன்று, 1895-இல் ஜெர்மனியின் ஹார்ட்மன் செய்தது. பெல்ஜியத்திலிருந்து ஒன்று, லூசி என்று பெயர், நெட்டுக்குத்தான பாய்லர். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு போகும்போது ஒன்று உறைக்கும், இதில் ஒன்றுகூட புகழ்பெற்ற இன்ஜின் இல்லை. வேக சாதனை இல்லை, ராஜா ராணியை ஏற்றிக்கொண்டு போகவில்லை. அதுதான் இந்தக் கூடத்தின் சிறப்பு என்று நான் நினைக்கிறேன்.

இனி பயணம். ரயில் சின்னது, நமக்கு இரண்டே பெட்டி. இன்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொள்ளுங்கள். பெரிய இன்ஜின் மூச்சு விடுகிற மாதிரி நீண்ட சீரான ஓசை இதில் வராது. சின்ன சக்கரம் என்பதால் ஒவ்வொரு சுற்றும் சீக்கிரம் முடிந்துவிடும், மெதுவாகப் போகும்போதே வேகமாக ஓடுகிற மாதிரி படபடவென்று புகைபோக்கி அடித்துக்கொள்ளும். மோட்டார்வேக்கு அடியில் நுழையும்போது அந்தச் சத்தம் சுவரில் பட்டு நம்மேலேயே திரும்புகிறது, குழந்தைகள் கத்துகிறார்கள், பெரியவர்கள் கத்த ஆசைப்பட்டு அடக்கிக்கொள்கிறார்கள். பாதை முடிகிற பார்க் ஹால்ட் ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். இன்ஜினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாகக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்டுவதைப் பார்க்க வேண்டும். மற்ற பாரம்பரிய ரயில்களில் அது இடைவேளை, ஐஸ்கிரீம் வாங்குகிற நேரம். இங்கே அதுதான் உண்மையான காட்சி, அந்த இன்ஜின் பிறந்ததே அந்த வேலைக்குத்தான். டிரைவர் மில்லிமீட்டர் கணக்கில் பின்னால் வந்து பஃபரைத் தொடுகிற அழகைப் பாருங்கள்.

பாதை நீளம் பற்றிய சண்டைக்கு வருகிறேன். ஒரு மைல்தானா, காசு வீண் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இன்ஜின்கள் வாழ்நாள் முழுக்க ஓடியதே ஒரு மைலுக்குள்தான் ஐயா. ஐந்தாறு பெட்டி கட்டிக்கொண்டு பத்து மைல் ஏற்றம் ஏறச் சொன்னால் பாய்லரில் நீராவி தீர்ந்துபோய் நடுவழியில் நிற்கும். பிரிட்டனில் பல பாரம்பரிய ரயில்வேக்கள் ஆரம்பத்தில் இந்த மாதிரிச் சின்ன இன்ஜின்களை வைத்துத்தான் தொடங்கின, பாதை நீண்டு கூட்டம் சேர்ந்ததும் பெரிய இன்ஜின் வாங்கி இவற்றை ஓரம் கட்டிவிட்டன. துருப்பிடித்த சைடிங்கில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிற சாடில் டேங்க்கை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டு பெட்டி, ஒரு மைல், கொஞ்சம் ஏற்றம், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

அந்த ஒரு மைலும் லேசுப்பட்ட மைல் இல்லை. 1758-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதித்த முதல் ரயில்பாதை இது. மிடில்டன் சுரங்கத்துக் கரியை லீட்ஸ் நகரத்துக்குக் கொண்டுவர சார்லஸ் பிராண்ட்லிங் என்கிற முதலாளி போட்டது, அப்போது குதிரை இழுத்தது. நெப்போலியன் போர்க் காலத்தில் குதிரைக்கும் தீனிக்கும் விலை ஏறிவிட்டது, அதற்கு மாற்றுத் தேடினார்கள். சுரங்க நிர்வாகி ஜான் பிளென்கின்சாப்பும் இன்ஜின் செய்கிற மாத்யூ மர்ரேயும் சேர்ந்து 1812-இல் நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். சலமான்கா என்று பெயர். வியாபார ரீதியாக வெற்றி பெற்ற முதல் நீராவி ரயில் இன்ஜின் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்த இன்ஜினுக்குப் பல் சக்கரம். ஊட்டி ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இரண்டு தண்டவாளத்துக்கு மத்தியில் பல் சட்டம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, இதில் ஒரு பக்கத் தண்டவாளத்தின் வெளிப்புறமே பல் வைத்து வார்த்திருந்தார்கள். ஊட்டியில் அது ஏற்றத்துக்காக, பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறுகிற செங்குத்து. இங்கே காரணம் வேறு. அப்போதைய வார்ப்பிரும்புத் தண்டவாளம் கனமான இன்ஜினைத் தாங்காது, உடைந்துவிடும். இன்ஜினை லேசாகச் செய்தால் சக்கரத்துக்குப் பிடிமானம் போதாது, வழுக்கும். லேசான இன்ஜின் அதிகம் இழுக்க வேண்டும் என்றால் பல் ஒன்றுதான் வழி. புத்திசாலித்தனம்தான், ஆனால் அந்தக் கால பாய்லர் யாரையும் மன்னிக்கவில்லை. 1818-இல் சலமான்கா வெடித்து டிரைவர் இறந்தார், சேஃப்டி வால்வில் அவர் கைவைத்ததுதான் காரணம் என்று ரயில் இன்ஜின் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் பின்னால் சொன்னார். 1834-இல் இன்னொரு வெடிப்பு. அதற்கு மறுவருடம் குதிரைகளே திரும்பி வந்துவிட்டன! நீராவி மறுபடியும் இங்கே வந்தது 1866-இல், இந்தத் தடவை மேனிங் வார்டில் இன்ஜினாக. ரயில் வரலாறு என்றால் குதிரை போய் நீராவி, நீராவி போய் டீசல் என்று நேர்கோட்டில் சொல்கிறவர்களுக்கு இந்தப் பாதையைக் காட்ட வேண்டும்.

பழைய ரயிலைத் தொண்டர்கள் பாதுகாத்து வைக்கிற கதையும் இங்கே வினோதமாகத்தான் தொடங்குகிறது. 1960 ஜூனில் லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஃப்ரெட் யூயெல் என்கிற ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து இந்தப் பாதையில் ரயில் விட்டார்கள், தொண்டர்கள் கையிலெடுத்து ஓட்டிய முதல் ஸ்டாண்டர்ட் கேஜ் (பிரிட்டனின் வழக்கமான தண்டவாள அகலம்) ரயில்வே. பெரிய பெயர் வாங்கிய ப்ளூபெல் ரயில்வே அதற்கு இரண்டு மாதம் பிந்தித்தான் தொடங்கியது. ஆனால் அன்று இழுத்தது நீராவி இன்ஜின் இல்லை. 1932-இல் ஹன்ஸ்லெட் செய்த டீசல் ஷண்டர், இழுபட்டது ஸ்வான்சீ பக்கத்து மம்பிள்ஸ் பாதையிலிருந்து வாங்கிய டிராம் பெட்டி. அந்த டீசல், ஜான் அல்காக் என்று பின்னால் பெயர் பெற்றது, இங்கேதான் இருக்கிறது. நீராவி ஷண்டர்களின் பிழைப்பைக் கெடுத்ததே இந்த வகை டீசல்கள்தான். காரணம் எளிது. நீராவி இன்ஜினைக் காலை ஆறு மணிக்கு வேலைக்கு எடுக்க வேண்டும் என்றால் நடு இரவு தாண்டியதும் நெருப்பு மூட்ட வேண்டும், வேகன் வரக் காத்திருக்கிற நேரமெல்லாம் கரி எரிந்துகொண்டே இருக்கும், மாலையில் சாம்பல் வார வேண்டும். ஷண்டிங் என்பதே பாதி நேரம் காத்திருக்கிற வேலை. டீசலை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். கணக்குப் பார்க்கிற முதலாளி எதை எடுப்பார்?

இன்னொன்று, இவர்கள் பொம்மை ரயில் மட்டும் விடவில்லை. 1960-இலிருந்து 1983 வரை சுற்றியிருந்த ஆலைகளுக்கு உண்மையான சரக்கு வேகன்களை இந்தத் தொண்டர்களே இழுத்துக் கொடுத்தார்கள். அதாவது பாதுகாக்கப்பட்ட ஷண்டிங் இன்ஜின், பாதுகாப்புக்கு வந்த பிறகும் ஷண்டிங் வேலையே பார்த்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த இடத்தின் மேல் தனி மரியாதை.

சின்ன இன்ஜின்கள் எப்படித் தப்பின என்பதற்கும் விடை இங்கே கிடைக்கிறது. மெயின் லைனில் நீராவி 1968 ஆகஸ்டில் முடிந்தது, ஆயிரக்கணக்கான இன்ஜின்கள் காய்லான் கடைக்குப் போயின. வேல்ஸில் பேரி என்கிற ஊரின் ஒரு காய்லான் கிடங்கு உடைக்காமல் தாமதித்ததால் 213 இன்ஜின்கள் மீண்டன, அது பிரபலமான கதை. ஆலைக்காரர்களின் சாடில் டேங்க்குகளுக்கு அந்த மாதிரி அதிர்ஷ்டம் தேவைப்படவில்லை. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் 1970களிலும் அவை ஓடிக்கொண்டிருந்தன, ஓடுகிற நிலையிலேயே விலைக்கோ இலவசமாகவோ கைமாறின, ஒரு லாரியில் ஏற்றி எடுத்துவர முடிந்தது. யாரும் கண்டுகொள்ளாததே காப்பாற்றியது.

கூடத்தில் நிற்பவற்றுக்கும் ஓடுபவற்றுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால் பாய்லர். சுமார் பத்து வருடத்துக்கு ஒரு தடவை இன்ஜினை மொத்தமாகப் பிரித்து, பாய்லரைத் தூக்கி வெளியே வைத்து, குழாய்களைப் பிடுங்கி, தகடு தேய்ந்த இடத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் கரி எரிகிற ஃபயர்பாக்ஸ் வரைக்கும் மாற்றி, இன்ஸ்பெக்டர் முன்னால் அழுத்தம் ஏற்றிக் காட்ட வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் வேலையும் பெரிய தொகையும் ஆகும். ஒவ்வொரு தடவையும் பழைய இரும்பு கொஞ்சம் போய்ப் புது இரும்பு வருகிறது. அதனால் எல்லாவற்றையும் ஓட்டியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கிறவன் இல்லை நான். சில இன்ஜின்கள் ஆலையில் பட்ட அடியோடும் தேய்மானத்தோடும் அப்படியே நிற்கட்டும், சில ஓடட்டும். இங்கே அந்த இரண்டும் பக்கத்து பக்கத்தில் இருக்கிறது.

கரி விஷயம்தான் கசப்பு. மிடில்டன் சுரங்கம் 1968-இல் மூடியது, அதாவது ஹென்றி டி லேசி இங்கே வந்த அதே வருடம். யார்க்‌ஷயரில் கெல்லிங்லி என்கிற கடைசி ஆழச் சுரங்கம் 2015 டிசம்பரில் மூடியது. இப்போது பிரிட்டனின் பாரம்பரிய ரயில்வேக்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கரியையும், கரித்தூளை அழுத்திச் செய்த உருண்டைகளையும் நம்பியிருக்கின்றன. பார்க் ஹால்ட்டில் இறங்கி மிடில்டன் பூங்காக் காட்டுக்குள் நடந்தால் பழைய சுரங்கக் குழிகளின் பள்ளம் அங்கங்கே தெரியும். கரி எடுத்த மண் மேல், கரிக்காகப் போட்ட பாதையில், கடல் தாண்டி வந்த கரியில் ஓடுகிற இன்ஜின்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பொதுவாக வார இறுதிகளில்தான் ரயில் ஓடும், குளிர்காலத்தில் குறைவு, சில நாள் டீசல் இழுக்கும், அதனால் நீராவி எந்த நாள் என்று அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லீட்ஸ் நகர மையத்திலிருந்து ஒன்றரை மைல் போல, பஸ்ஸில் போகலாம், நடந்தும் போகலாம். முழுநாள் திட்டம் போடாதீர்கள், அரை நாள் போதும், மீதியைப் பூங்காவில் கழியுங்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம். அங்கிருக்கிற எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள், கேட்டால் சொல்வார்கள், கேள்வி கொஞ்சம் ஆழமாக இருந்தால் நிறுத்தாமல் சொல்வார்கள், ரயில் கிளம்புகிற நேரத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறொரு பெரிய பாரம்பரிய ரயிலில் சாப்பாட்டோடு டிக்கெட் எடுத்து, இன்ஜின் பக்கம் போகக்கூட விடாமல் வெள்ளை மேசைவிரிப்பில் உட்காரவைத்து ஓட்டினார்கள், எந்த இன்ஜின் இழுத்தது என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அதற்குக் கொடுத்த காசில் இங்கே குடும்பத்தோடு போய்வரலாம்.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நாலரை. காட்சி அழகு தேடுகிறவர்கள் தாங்களே இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். ஆறேழு வயதுக் குழந்தை இருந்தால் தயங்காமல் கூட்டிப்போங்கள், சக்கரம் அவர்கள் உயரத்துக்கே இருக்கிறது, எந்தக் கம்பி எதைத் தள்ளுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.